அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது?



தீபாவளி நெருங்கினால் நம் தோட்டத்து மக்களுக்குப் பினாங்கு நினைவு வந்துவிடும். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, தீவில் இறங்கி, லிட்டில் இந்தியாவுக்குள் நுழைந்தால் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் ஒரே நேரத்தில் வேலை. பாசார் தெருவில் சேலைக் கடைகள், பினாங்கு தெருவில் பலகாரமும் மசாலைச் சாமான்களும், குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு முதல் நின்று அருள் பாலிக்கும் மகா மாரியம்மன் கோயில். விலை கேட்கிறோம், பேரம் பேசுகிறோம், பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். ஆனால் அந்தக் கடைகளைத் தாங்கி நிற்கும் சுவர்களை நாம் ஒருநாளும் பார்ப்பதில்லை. இன்றைக்கு அந்தச் சுவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வீட்டைப் புதுப்பிக்கும்போது நடக்கும் தவறுகளைப் புரிந்துகொள்ள அவற்றைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அங்கேயுள்ள பழைய கடைவீடுகள் முகப்பில் குறுகியவை; உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். கீழே கடை, மேலே குடும்பம், நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு திறந்த முற்றம். இவற்றுள் பலவற்றில் சிமெந்துத் தூணோ இரும்புக் கம்பியோ கிடையாது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் காரையால் கட்டிய கனமான செங்கற்சுவர். அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு வரிசையாக மர உத்திரங்கள். அவற்றின் மேல் பலகைத் தளம். கூரையின் பாரமும் அதே சுவர்களில்தான் வந்து இறங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கடையின் வலப்பக்கச் சுவர்தான் அடுத்த கடையின் இடப்பக்கச் சுவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பொதுச்சுவர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையின் இருமல் கேட்கும் சுவர் அது.

என் சின்னம்மாவும் சித்தப்பாவும் கூலிம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தோட்டம் விற்கப்பட்டு வேலை போனபின், லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, பூமாலை கட்டியும் துணி தைத்தும் பிழைத்து வந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கடை கைமாறியது. புது உரிமையாளர் அதைப் பெரிய உணவுக்கடையாக மாற்ற விரும்பினார். குத்தகையாளர் ஒருவர் ஆள்களோடு வந்து இறங்கினார். பழைய மரத் தளத்தை முழுதும் கழற்றி, இரும்பு உத்திரம் போட்டு, சிமெந்துத் தளம் அமைப்பது அவர்கள் திட்டம். அதற்காகப் பொதுச்சுவரில் பெரிய பெரிய குழிகளாகக் குடைந்தார்கள்.

ஒருநாள் காலையில் சின்னம்மா பாயைச் சுருட்டும்போது அதன்மேல் மணல் கிடந்தது. கூட்டினார். மறுநாளும் கிடந்தது. மூன்றாம் நாள் சன்னல் கதவு சாத்த வரவில்லை. சன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து மேலேறும் ஒரு வெடிப்பு கண்ணில் பட்டது. கீழே போய்க் கேட்டிருக்கிறார்.

"மேஸ்திரி, எங்க சுவர் வெடிக்குதே, கொஞ்சம் வந்து பாருங்க."

"இது நூறு வருசத்துச் சுவரும்மா. பூச்சுதான் வெடிச்சிருக்கும். வேலை முடிஞ்சதும் நானே பூசிக் கொடுத்துடுறேன், பயப்படாதீங்க."

சின்னம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அன்றிரவு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீ படிச்ச புள்ள, என்னம்மா செய்யறது?" என்றார். கட்டடக்கலையை நான் கல்லூரியில் படித்ததில்லை. ஆனால் அறிவியல் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு வழி நினைவுக்கு வந்தது. "வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்க சின்னம்மா. நீளுதா பார்ப்போம்" என்றேன். நான்கு நாளில் வெடிப்பு கோட்டைத் தாண்டி ஒரு சாண் நீண்டுவிட்டது. சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு அகன்றும்விட்டது.

அந்தத் தேதிகளும் படங்களும்தான் பிறகு பேசின. சித்தப்பா எழுத்து மூலம் மாநகர் மன்றத்தில் புகார் கொடுத்தார். வேலை நிறுத்தப்பட்டது. வந்து பார்த்த பொறியாளர் முதலில் கேட்டது வெடிப்பைப் பற்றியல்ல. "பக்கத்து வீட்டுத் தளம் எங்கே?" என்றுதான் கேட்டார். தளம் இல்லை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டிருந்தார்கள். அன்றைக்கே இரு குடும்பங்களை வெளியேறச் சொன்னார். சுவருக்குத் தற்காலிக முட்டுகள் கொடுக்கப்பட்டன. சின்னம்மாவும் சித்தப்பாவும் இரண்டு மாதம் எங்கள் பள்ளிக் குடியிருப்பில் தங்கினார்கள். உயிருக்குச் சேதமில்லை. ஆனால் மேஸ்திரியின் பேச்சைக் கேட்டு இன்னும் பத்து நாள் அங்கே படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினால் எனக்கு இப்போதும் நெஞ்சு நடுங்குகிறது.

அந்தப் பொறியாளர் ஏன் தளத்தைத் தேடினார்? இதைப் புரிந்துகொள்ள நம் பழைய காண்டா வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். பால் நிறைந்த வாளிகளின் பாரம் காண்டாக் கம்புக்குப் போகிறது. கம்பு அதைத் தோளுக்குக் கொடுக்கிறது. தோள் முதுகுக்கும், முதுகு காலுக்கும், கால் மண்ணுக்கும் கொடுக்கின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் பால் தரையில்தான். வீடும் அப்படியே. ஓட்டின் பாரம் மரச்சட்டத்துக்கு, சட்டத்தின் பாரம் சுவருக்கு, சுவரின் பாரம் அடித்தளத்துக்கு, அடித்தளத்தின் பாரம் மண்ணுக்கு. ஒரு சுவரை எடுத்தால் அது சுமந்த பாரம் மறைந்துவிடாது. வேறு வழி தேடும். அந்த வேறு வழியை நாம் முன்கூட்டியே அமைத்துத் தராவிட்டால், அது தானாகவே ஒரு வழியை உண்டாக்கிக்கொள்ளும். அதற்குப் பெயர்தான் இடிந்து விழுதல்.

இன்னொன்றும் உண்டு. தளம் மனிதரைத் தாங்குவதற்கு மட்டும் இருப்பதில்லை. உயரமான சுவர் பக்கவாட்டில் சாயாதபடி இரு புறமும் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். இருவர் ஒரு நீண்ட பலகையை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது ஒருவர் கையை விட்டால் பலகை ஆடுகிறதல்லவா? பக்கத்துக் கடையின் தளம் முழுவதையும் கழற்றியபோது, சுவரின் ஒரு பக்கக் கை விட்டுப்போயிற்று. போதாக்குறைக்கு அதிலே குழியும் குடைந்தார்கள். தளத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொரு பகுதிக்கும் முட்டுக் கொடுத்து, புதிய உத்திரம் வைத்த பிறகே அடுத்த பகுதிக்குப் போயிருக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுனில் இத்தகைய வேலைகள் பெருகியதற்குக் காரணங்கள் உண்டு. பழைய வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவல் 1999 இறுதியோடு முடிந்தது. குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதன் பிறகு பழைய கடைவீடுகளுக்கு மதிப்பு கூடியது. தங்கும் விடுதிகளும் உணவுக்கடைகளும் பெருகின. பாரம்பரிய எல்லைக்குள் விருப்பம்போல இடிக்கவும் மாற்றவும் கூடாது என்ற விதிகள் இருக்கின்றன. அவை அழகுக்காக மட்டும் வந்தவையல்ல. பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பொருந்தும். ஈரம் ஏறினாலும் அதன் வழியே காற்றில் ஆவியாகிப் போய்விடும். அதன் மேல் கெட்டியான சிமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே மாவு.

"இத்தனை வருசம் நின்ற கட்டடம், இனியா விழப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை நம்மவர்களின் சாலை. அங்கே ஓவன் சாலை முனையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே வங்கி, மேலே நியூ வோர்ல்டு ஓட்டல். 1971இல் கட்டி முடிக்கப்பட்ட அது, 1986 மார்ச் 15ஆம் நாள் காலையில் ஒரு நிமிடத்துக்குள் மண்ணோடு மண்ணாயிற்று. 33 பேர் இறந்தார்கள். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார்கள். விசாரணையில் வெளிவந்த உண்மை என்ன தெரியுமா? வரைபடம் போட்டவர், உள்ளே வரும் மனிதர், சாமான்களின் பாரத்தைக் கணக்கிட்டார். கட்டடத்தின் சொந்தப் பாரத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தன்னையே தாங்க வலுவில்லாத அந்தக் கட்டடத்தில் பிறகு வங்கியின் கனமான பெட்டக அறையும், மாடியில் குளிரூட்டும் இயந்திரமும், வெளிச்சுவரில் பீங்கான் ஓடுகளும் ஏறின. 15 ஆண்டுகள் அது நின்றது என்பது அதன் வலுவுக்குச் சான்றல்ல. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த விபத்துக்குப் பின் 1989இல் சிங்கப்பூர் புதிய கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து, கணக்கை மற்றொரு பொறியாளரும் சரிபார்க்க வேண்டும் என்று விதித்தது.

தென்கொரியாவின் சியோல் நகரில் 1995 ஜூன் 29ஆம் நாள் சம்பூங் என்ற பேரங்காடி இடிந்து 502 பேர் மாண்டார்கள். அங்கே தூண்களின் பருமனைக் குறைத்திருந்தார்கள். மேல்மாடியின் பயன்பாட்டை மாற்றினார்கள். கூரையில் கனமான குளிர்சாதனப் பொறிகளை ஏற்றினார்கள். விழுந்த அன்று காலையிலேயே வெடிப்புகள் தெரிந்தன. கடையை மூடினால் வியாபாரம் போகுமே என்று மூடாமல் விட்டார்கள்.

"டீச்சர், நமக்கு ஏது ஆறு மாடி?" என்று நீங்கள் கேட்கலாம். நம்மவர்கள் பலர் சேமநிதிப் பணத்தில் வாங்கியிருப்பது ஒரு சிறிய வரிசை வீடு. தோட்டத்தை விட்டு வந்தபின் நமக்கென்று வாய்த்த முதல் சொத்து அதுதான். பிள்ளைகள் வளர்கிறார்கள், மருமகள் வருகிறாள், இடம் போதவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிடலாம், பின்னால் சமையற்கட்டை நீட்டலாம், கார் நிற்கும் இடத்துக்குக் கூரை போடலாம் என்று எண்ணுகிறோம். தவறே இல்லை. ஆனால் பணத்தைக் கொடுக்குமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, எடுக்கப் போகும் சுவர் எதைத் தாங்குகிறது? சில வீடுகளில் தூணும் உத்திரமும் பாரத்தைத் தாங்க, சுவர் வெறும் தடுப்பாக இருக்கும். பழைய மலிவுவிலை வீடுகள் பலவற்றில் செங்கற்சுவரே கூரையைத் தாங்கும். தட்டிப் பார்த்தோ, கனத்தைப் பார்த்தோ இதை முடிவு செய்ய முடியாது. வரைபடத்தைப் பார்த்து, கூரைக்குள் ஏறிப் பார்த்து, பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சுவருக்குப் பதிலாக வரும் உத்திரம் போதுமா? பிள்ளைகளின் அழிப்பானை எடுத்துப் பக்கவாட்டில் சில நேர்க்கோடுகள் வரையுங்கள். இரண்டு முனையையும் தாங்கி, நடுவில் அழுத்துங்கள். மேலே கோடுகள் நெருங்கும், கீழே விலகும். காங்கிரீட் நெருக்குதலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் இரு முனையிலும் தாங்கப்பட்ட உத்திரத்தில் முக்கியக் கம்பிகள் அடிப்பக்கம் கிடக்கின்றன. ஆனால் ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்து மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகணியில் இழுப்பு மேலே விழும். கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டால் எத்தனை கம்பி போட்டும் பயனில்லை. இன்னொரு கணக்கும் கேளுங்கள். ஓர் அடிக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகப் பாரம் பரவியிருக்கும்போது, உத்திரத்தின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். "அடுத்த வீட்டுக்கும் இதே கம்பிதான் போட்டேன்" என்பது சரியான பதிலாகாது.

மூன்றாவது, புதிதாக எவ்வளவு பாரம் ஏறுகிறது? நூறு காலன் தண்ணீரின் எடை ஏறத்தாழ 450 கிலோ. ஐம்பது கிலோ சிமெந்து மூட்டை ஒன்பதைக் கூரைக்குள் அடுக்கியதற்குச் சமம். தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கும்போதும், பழைய தரையின் மேலேயே புதிய கல் பதிக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

நான்காவது, நீட்டிக் கட்டும் பகுதியின் அடித்தளம் எப்படி? செபராங் பிறை போன்ற இடங்களில் கடலோரக் களிமண் நிலம் நிறைய உண்டு. மூல வீடு ஆழ அடித்த கழிகளின் மேல் நிற்கலாம். பின்னால் நீட்டிய சமையற்கட்டு மேல்மண்ணில் உட்கார்ந்திருக்கும். நாளாக ஆக அது அமிழும். அமிழும்போது மூல வீட்டையும் சேர்த்து இழுக்கும். இரண்டும் சேரும் இடத்தில் வெடிப்பு வருவது இதனால்தான்.

ஐந்தாவது, காங்கிரீட்டுக்குக் கால அவகாசம் கொடுக்கிறார்களா? அது காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து கெட்டியாகிறது. குறைந்தது ஒரு வாரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதன் வலுவை 28ஆம் நாளில்தான் அளவிடுவது வழக்கம். கலவையில் தண்ணீரைக் கூட்டினால் கொட்ட எளிதாக இருக்கும், வலுவோ குறையும். முட்டுக்கால்களை அவசரமாக உருவிக்கொண்டு அடுத்த வீட்டு வேலைக்கு ஓடுபவரிடம் விழிப்பாக இருங்கள்.

இவற்றையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வேலைக்காரர் மகிழ்ச்சியோடு விளக்குவார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்பவரிடம்தான் மேலும் கேட்க வேண்டும்.

இனி, சட்டம் நமக்குத் தந்திருக்கும் துணைகளைச் சொல்கிறேன். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும். சிறு வேலையா, வரைபடம் வேண்டிய வேலையா என்பதை மன்ற அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அனுமதி வாங்கச் செலவாகிறதே என்று மறைத்துச் செய்தால், பிறகு ஏதாவது நேர்ந்தால் நம் பக்கம் பேச ஆதாரமே இருக்காது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் குத்தகையாளர் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். என்ன வேலை, என்ன பொருள், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்தவர் கையில் சொல்லுக்கு வலு இருக்காது. கடைசித் தவணையைக் குறைகள் சரியான பிறகே கொடுங்கள். வேலை தொடங்குமுன் உங்கள் சுவரையும் அடுத்த வீட்டுச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையுள்ள கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். எழுதத் தெரியாதே என்று தயங்காதீர்கள். உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் போங்கள், எழுதிக் கொடுப்பார்.

கடைசியாக, சுவர் நமக்குச் சொல்லும் செய்திகள். மயிரிழை போன்ற பூச்சு வெடிப்புக்கு அஞ்ச வேண்டாம். கதவு, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு, நாளுக்கு நாள் அகலும் வெடிப்பு, திடீரென்று சாத்த வராத கதவு, நடுவில் தொய்யும் உத்திரம், வயிறு தள்ளிய சுவர், ஓயாமல் உதிரும் மணல் ஆகியவை எச்சரிக்கை. வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், தேதியிட்டுக் குறியுங்கள், பொறியாளரை அழையுங்கள். வெடிப்பு கண்ணெதிரே அகன்றாலும், படபடவென்று முறியும் ஓசை கேட்டாலும், சாமானை எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வெளியே வந்து, அடுத்த வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, 999க்குத் தொலைபேசி செய்யுங்கள்.

சின்னம்மா இப்போது அதே மேல்மாடியில்தான் மாலை கட்டுகிறார். சுவர் ஒழுங்காகச் செப்பனிடப்பட்டுவிட்டது. ஆனால் சன்னல் ஓரத்தில் அந்தப் பென்சில் கோடுகளையும் தேதிகளையும் அழிக்க விடாமல் அப்படியே வைத்திருக்கிறார். பூ வாங்க வருகிறவர்கள் யாராவது வீட்டு வேலை தொடங்கப் போவதாகச் சொன்னால், மேலே கூட்டிப்போய்க் காட்டுகிறார். அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் சுத்தியலை ஓங்கும்போது, ஒரு நிமிடம் நிறுத்தி, அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்த பிறகு வேலை நடக்கட்டும்.